மேடவாக்கத்தில் மனை வாங்கும் முன்

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று சென்னையின் தெற்கு விளிம்பு ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகிறது. நேற்றுவரை வயலாக இருந்த நிலங்கள் மனைப்பிரிவுகளாகி, அவற்றின் மேல் அடுக்குமாடிகள் எழுந்த வேகத்துக்கு மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் ஈடுகொடுக்கவில்லை. கோடையில் பல வீடுகள் லாரித் தண்ணீரை நம்பியே இருக்கின்றன.

ஆனால், என்னை அதிகம் வருத்துவது இந்த நிலத்தின் நீர்வழிகள் மறக்கப்படுவதுதான். இப்பகுதி ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் தேங்கி, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. அந்தச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி குடியிருப்புகளாகவும் சாலைகளாகவும் (பெருங்குடியில் குப்பைமேடாகவும்) மாறிய பிறகு, 2015 டிசம்பர் மழையில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. எஞ்சிய சதுப்புநிலத்துக்கு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது உண்மையிலேயே மகிழ்ச்சியான செய்தி.

இங்கு வீடு வாங்க எண்ணும் நண்பர்கள், வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல், கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான நில அளவை வரைபடம்) வாங்கிப் பார்த்து, அந்த இடம் வாய்க்காலாகவோ ஏரியாகவோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.