ஈரத்துணியோட மூணு நாள்

நாலு பேர்ல ஒருத்தன் பேங்க், ஒருத்தன் ஸ்கூல் வாத்தி, ஒருத்தன் கார் கொண்டுவந்தவன், நாலாவது நான். பேரெல்லாம் போட்டுத் தொலைக்காதடான்னு சொல்லிட்டானுங்க, அதனால பேங்க்காரன், வாத்தி, கார்க்காரன்னே எழுதறேன். கார்க்காரன்னு சொன்னாலும் கார் அவனோடது இல்ல, அவங்க அண்ணனோடது, வாங்கி அஞ்சு மாசம்கூட ஆகல, சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் கவரைக்கூட அண்ணன் இன்னும் கழட்டல. சாவி குடுக்கறப்போ அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "ஈரத்தோட வண்டில ஏறாதீங்கடா". நாங்க போறதோ கொச்சி வொண்டர்லா தீம் பார்க்கும் அப்பறம் ரெண்டு பீச்சும்!

சென்னையிலதான் இப்போ வொண்டர்லா திறந்துட்டாங்களே, அங்க போலாமேன்னு கேப்பீங்க. கோயம்புத்தூர்க்காரனுக்கு சென்னை 500 கிலோமீட்டர், கொச்சி 200க்கும் கொஞ்சம் கம்மி. அதுவுமில்லாம அது எங்களுக்குப் பழைய எடம், ஸ்கூல் டூர் போனப்ப அதுக்குப் பேரு வீகாலேண்ட், 2000ல ஆரம்பிச்சது. அன்னைக்கு குதிரான் மலைல லாரிக்குப் பின்னாடி எங்க பஸ்ஸு நின்ன நேரத்துல பாதிப்பேரு வாந்தி எடுத்து முடிச்சிருந்தாங்க. இப்போ அங்க மலையக் கொடஞ்சு சுரங்கப்பாதை போட்டுட்டாங்க, 2021ல ஒரு பக்கம், 2022ல இன்னொரு பக்கம். ஒரு கிலோமீட்டர் இருக்கும், ஒரு பாட்டு பாதி பாடறதுக்குள்ள வெளிய வந்தாச்சு. நல்லதுதான், ஆனா அந்த வாந்தி பஸ்ஸு இல்லாம டூர் மாதிரியே இல்லடான்னு பேங்க்காரன் ஃபீல் பண்ணான்.

மே மாசம், கேரளாவுலயும் ஸ்கூல் லீவு, மொத்த கேரளாவும் எங்களுக்கு முன்னாடியே வந்து க்யூல நிக்குது. வாத்தி காட்டன் டவுசர் கொண்டாந்திருந்தான், தண்ணி ரைடுக்கு நைலான் துணிதான், காட்டன் கூடாது. நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல அடைச்சுக்குமாம். போர்டுலயே எழுதியிருந்துச்சு, வாத்தி படிக்கல, வாத்திகளே இப்பிடித்தான். வெளிய ஒரு கடைக்குப் போயி அவன் சைஸுக்கு இருந்த ஒரே ஒரு டவுசரை வாங்கிட்டு வந்தான், ஆரஞ்சு கலர், அது மேல பூரா பச்சைக்கிளி.

ரீகாயில்னு ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கு. மொதல்ல உங்களைப் பின்னாடியே மேல இழுத்துட்டுப் போயி நிறுத்தும், அப்போ மூஞ்சி கீழ பாத்து இருக்கும், சட்டுனு விட்டுடும், தலைகீழா சுத்தி அந்தப் பக்கம் ஏறுனதும் முடிஞ்சுது சாமின்னு கண்ணைத் தொறந்தா, வந்த வழியே திரும்பப் பின்னாடியே இழுத்துட்டுப் போகும். பேங்க்காரன் முருகா முருகான்னான், திரும்பி வர்றப்போ முருகனையும் விட்டுட்டு அம்மான்னான். வாத்தி சத்தமே போடல, எறங்குனதும் ஓரமா உக்காந்துட்டு ஒரு மணிநேரம் எழுந்திரிக்கல. ஸ்கூல் பசங்களா இருந்தப்ப நாங்க ஒரே ரைடை நாலு தடவ போனவனுங்க, இப்போ ஒண்ணுக்கப்பறம் ஒண்ணு போறதுக்குள்ள இடுப்பைப் புடிச்சுக்கறோம்.

மத்தியானத்துக்கு மேல வேவ் பூல்லயேதான் கெடந்தோம். சைரன் அடிப்பாங்க, எல்லாரும் ஓன்னு கத்திட்டு உள்ள ஓடுவாங்க, செவுத்துக்குப் பின்னாடி மெஷின் போட்டு அலையைக் கௌப்பி விடுவாங்க. அலை நின்னதும் திரும்ப சைரன் எப்போ அடிப்பான்னு எல்லாரும் வாயப் பாத்துட்டு நிக்கறது, அதுலதான் ஒரு சொகம்.

வெளிய வந்ததும் அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு. காஞ்ச துணி மாத்திக்கிட்டு, ஈரத்துணியையெல்லாம் ஜன்னல் கண்ணாடில சொருகி கொஞ்சூண்டு எறக்கி விட்டு, கொச்சி டவுன் டிராஃபிக்ல ஆரஞ்சு கலர் கிளி பறக்க பறக்கப் போனோம். பைக்ல போன பசங்க ஹாரன் அடிச்சு சல்யூட் வெச்சானுங்க. பாலம் தாண்டி வைப்பின் தீவு வழியா செராய் போய்ச் சேர்றப்போ ராத்திரி ஆயிடுச்சு. ஹோம்ஸ்டேல கயிறு கட்டிக் காயப்போட்டோம். நம்மூர்ல கொடியில போட்டா ஒரு மணிநேரத்துல காஞ்சுடும் இல்லீங்களா, அங்க காத்தே தண்ணி, காலைல தொட்டுப் பாத்தா போட்டப்போ இருந்ததைவிட ஈரமா இருக்கு. கிளி டவுசர் மட்டும் காஞ்சுடுச்சு, நைலான் ஆச்சே.

செராய்ல ஒரு பக்கம் கடல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் காயல், ரெண்டையும் ஒரே எடத்துல நின்னு பாக்கலாம். ஆனா கடல்ல எறங்க விடல. லைஃப்கார்டு விசில் ஊதிட்டு "கள்ளக்கடலாணு, இறங்கருது"ன்னாரு. காத்தும் இல்ல, மழையும் இல்ல, வானம் பளிச்சுனு இருக்கு, இதுல என்ன கள்ளக்கடல்னு கேட்டோம். பாதி மலையாளம் பாதி தமிழ்ல அவரு சொன்னது இதுதான், எங்கயோ ரொம்பத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல புயல் அடிச்சு கௌம்புன அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி சில நாள் கழிச்சு இங்க வந்து சேரும். இங்க ஒரு அறிகுறியும் தெரியாது, கள்ளன் மாதிரி சொல்லாம கொள்ளாம வரும், அதான் அந்தப் பேரு.

சரி எறங்கலன்னா போகுதுன்னு தள்ளி கருங்கல் மேல உக்காந்தோம். பக்கத்துல எங்க பை, அதுலதான் கிளி டவுசர் தவிர மிச்சம் இருந்த காஞ்ச துணி மொத்தமும். அஞ்சு நிமிஷம் இருக்கும், ஒண்ணு வந்துச்சு பாருங்க, கல்லு மேல ஏறி எங்களையும் பையையும் முழுக்காட்டிட்டு கார்க்காரனோட ஒரு செருப்பையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. லைஃப்கார்டு விசிலை வாயில வெச்சுக்கிட்டே எங்களைப் பாத்த பார்வை இருக்கே. "சைரன் அடிக்கலையேடா"ன்னான் வாத்தி.

அப்பறம் நடந்தது சுருக்கமா. நாங்க மூணு பேரும் ஈரத்தோடவே கவர் போட்ட சீட்ல உக்காந்தோம், காஞ்ச துணி இருந்த ஒரே ஆளு வாத்தி, அதுவும் அந்தக் கிளி டவுசர். அதப் போட்டுட்டே காரோட, வண்டியையும் ஏத்திக்கற ரோ-ரோ படகுல ஏறி ஃபோர்ட் கொச்சிக்கு வந்து சீனவலை பாத்தான், அதப் போட்டுட்டே ஆலப்புழா பீச்ல நின்னான். அங்க 1862ல கட்டுன கடல்பாலத்தோட மிச்சத் தூணுங்க தண்ணிக்குள்ள நிக்கும், சாயங்காலம் பாக்க அப்பிடி இருக்கும். நாங்க அத ஃபோட்டோ எடுத்துட்டு இருக்கறப்பதான் பின்னாடி இருந்து "ஏனுங் சார், நீங்களா?"ன்னு நம்மூரு கொரலு. எட்டாங்கிளாஸ் பையன், அம்மா அப்பாவோட. வாத்தி பேக்கைக் கிளி மேல வெச்சு மறைச்சுட்டு, "லீவு ஹோம்வொர்க் முடிச்சாச்சா?"ன்னான் பாருங்க!

மூணாம் நாள் திரும்பி வர்றப்போ பாலக்காடு தாண்டி கஞ்சிக்கோடு பக்கத்துல ஒரு டீக்கடைல நிறுத்தி எல்லாத்தையும் பானெட் மேல விரிச்சோம். கணவாய்க் காத்தும் வெயிலும் சேந்து அரைமணில காஞ்சு உப்புப் பூத்து அப்பளமாட்டம் வெறைச்சுக்கிச்சு. வாளையார் தாண்டி ஊருக்குள்ள வந்ததும் வாட்டர் வாஷ்ல விட்டு, உள்ள மணல் எல்லாம் உறிஞ்சி, ஸ்ப்ரே அடிச்சு, பக்காவா அண்ணன் வீட்டு வாசல்ல நிறுத்தினோம்.

அண்ணன் கதவைத் தொறந்து மூக்கை உள்ள நீட்டுனாரு. எங்க நாலு பேருக்கும் மூச்சே வரல.

"என்றா, கருவாடு வாங்கிட்டு வந்தீங்களா? எங்க?"

"ஆமாங்ணா, வீட்ல இருக்கு, எடுத்துட்டு வர்றோம்"னு சொல்லிட்டு நேரா உக்கடம் போயி அரைக்கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வந்து குடுத்தோம்.