அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியில் வோக்-ஒன் இடம்: ரொறன்ரோப் பெற்றோர் அறிய வேண்டியவை

பிள்ளை ஹொக்கியில் நன்றாக வரத் தொடங்கினால், "அமெரிக்காவில் கல்லூரிக்குப் போய் ட்ரை-அவுட் கொடுத்து அணிக்குள் போகலாம்" என்று ஐஸ் அரங்கில் யாராவது சொல்வார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதலாம் பிரிவு ஆண்கள் ஹொக்கியில் அப்படி நடப்பது மிக அரிது. புலமைப்பரிசில் இல்லாமல் சேரும் வோக்-ஒன் ஆட்டக்காரரைக்கூட கோச்மார் 20 வயது வரையான இளையோர் ஆடும் ஜூனியர் லீக்குகளில் பார்த்து, பேசி, கல்லூரி தொடங்க முன்னரே தீர்மானித்துவிடுகிறார்கள். யூ.எஸ்.எச்.எல், என்.ஏ.எச்.எல், பி.சி.எச்.எல் போன்றவற்றில் ஓரிரு சீசன் ஆடி, 19, 20 வயதில் முதலாம் ஆண்டில் சேர்பவர்களே அங்கே அதிகம். பள்ளி முடித்த கையோடு போகும் 18 வயதுப் பிள்ளை அந்த உடற்கட்டுக்கு ஈடுகொடுப்பது கடினம்.

இந்த இடங்கள் அண்மையில் இன்னும் சுருங்கியுள்ளன. முன்பு ஓர் அணி 18 முழுப் புலமைப்பரிசில்கள் வரைதான் பகிர்ந்து கொடுக்கலாம். 2025-26 முதல், ஹவுஸ் வழக்குச் சமரசத்தை (கல்லூரிகள் ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிவிட்ட நீதிமன்ற உடன்பாடு) ஏற்ற கல்லூரிகளில் அந்த எல்லை இல்லை. ஆனால் அந்தக் கல்லூரிகள் அணியில் 26 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதோடு, 2025 ஓகஸ்ட் முதல் முன்பு அனுமதி இல்லாதிருந்த, ஓ.எச்.எல் (ஒன்ராறியோ ஹொக்கி லீக்) போன்ற மேஜர் ஜூனியர் லீக் ஆட்டக்காரர்களும் கல்லூரி அணிகளுக்கு வரலாம். பழைய அறிவுரையோடு வரும் உறவினர் இந்த இரண்டையும் அறிந்திருக்க மாட்டார். ஹார்வர்ட், யேல், கோர்னெல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று பணம் கொடுப்பதேயில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன.

கோச் தேடுவது பொதுவான திறமைசாலியை அல்ல, அணியில் உள்ள ஓட்டையை அடைக்கும் ஆளை. மூன்றாவது கோலி இதற்கு நல்ல உதாரணம். போட்டியில் ஒருவர்தான் நிற்பார். ஆனால் பயிற்சியில் இரண்டு முனையிலும் கோலி வேண்டும்; ஒருவர் காயப்பட்டால் பயிற்சியே குழம்பும். பயிற்சி முடிந்த பிறகும் நின்று சகாக்களின் ஷொட்டுகளை வாங்கும் பொறுமை உள்ளவரைத்தான் அந்த இடத்துக்கு எடுப்பார்கள். முன்வரிசையில் எதிரணியின் பவர் பிளேயை (நம் ஆள் தண்டனையில் வெளியே இருக்க, அவர்கள் கூடுதல் ஆளோடு ஆடும் நேரம்) தடுக்கவும் ஷொட்டுக்குக் குறுக்கே விழவும் தயங்காதவருக்கு வாய்ப்பு உண்டு. வலக்கையால் அடிக்கும் டிஃபென்ஸ்காரர் குறைவு என்பதால் அவர்களைக் கூர்ந்து கவனிப்பார்கள்.

கோச்சுக்கு மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். அப்பாவோ அம்மாவோ எழுதினால் அது உடனே தெரிந்துவிடும். பிறந்த ஆண்டு, உயரம், எடை, எந்தக் கையால் அடிப்பவர், அணி, ஜேர்சி எண், வரும் ஆட்டங்களின் அட்டவணை, பாடப் புள்ளிகள், இப்போதைய கோச்சின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ பயன்படாது. பக் இல்லாத நேரத்தில் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரியும்படி முழு ஷிஃப்டுகளை (ஐஸில் இறங்கியதிலிருந்து வெளியேறும் வரையான ஆட்டத்தை) அனுப்புங்கள்.

அநேகமான குடும்பங்கள் சறுக்குவது படிப்பில்தான். முதலாம் பிரிவுக்கு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் போன்ற 16 மையப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜீ.பீ.ஏ.யும் (4.0 அளவில் சராசரிப் புள்ளி) வேண்டும். தரம் 9 தொடங்கி நான்கு ஆண்டுகளுக்குள் அந்தப் பாடங்களை முடிக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பாடத்தைத்தான் சேர்த்துக் கணக்கெடுப்பார்கள். ஒன்ராறியோவில் ஐந்தாம் ஆண்டும் பள்ளியில் இருந்து புள்ளியை உயர்த்தும் வழக்கம் இங்கே கைகொடுக்காது. ஜூனியர் ஆடும் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தரம் 10இல் விட்டுவிடாதீர்கள். வோக்-ஒன் பிள்ளைக்குக் கல்லூரி அனுமதியில் பெரிய சலுகையையும் எதிர்பார்க்கக் கூடாது.

இடம் உறுதியானதும் கடதாசி வேலை. கனடியக் குடியுரிமை உள்ளவருக்கு மாணவர் விசா தேவையில்லை. ஆனால் மாணவராகச் சேர்த்துக்கொண்டதாகக் கல்லூரி தரும் ஐ-20 படிவமும், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களின் அமெரிக்க அரசுப் பதிவு) கட்டணம் 350 அமெரிக்க டொலர் கட்டிய பற்றுச்சீட்டும் எல்லையில் காட்ட வேண்டும். நிரந்தரவதிவிட அட்டை மட்டும் உள்ள பிள்ளைக்கு விசா தேவைப்படும். ஐஸில் இறங்க முன் மருத்துவப் பரிசோதனையும் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் இரத்த அணுக் குறைபாடு) இரத்தப் பரிசோதனை முடிவும் கேட்பார்கள். பிறந்தபோது செய்த அறிக்கை கையில் இல்லையென்றால் கோடையிலேயே குடும்ப வைத்தியரிடம் செய்துகொள்ளுங்கள்.

முதலாம் பிரிவு கைகூடாவிட்டால் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். அங்கே விளையாட்டுப் புலமைப்பரிசில் யாருக்கும் இல்லை என்பதால் எல்லோரும் ஒரே நிலைதான். இந்தப் பிரிவுகளுக்கு வெளியே, ஏ.சி.எச்.ஏ. (அமெரிக்கக் கல்லூரிக் கழக ஹொக்கி அமைப்பு) கழக அணிகளில் பல, கல்வியாண்டின் தொடக்கத்தில் திறந்த ட்ரை-அவுட் வைக்கின்றன. ஐஸ் நேரத்துக்கும் பயணத்துக்குமான கழகக் கட்டணத்தை அநேகமாக மாணவரே கட்ட வேண்டிவரும். சேர முன் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.