படகுத்துறையைக் காயவிடுங்கள்

வீட்டுக்குப் பின்னால் உப்பங்கழி. அதில் இறங்கினாற்போல மரத்தால் ஒரு சின்னப் படகுத்துறை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீருக்குள் நிற்கும் தூண்களைத்தான் காட்டிக் கேட்பார்கள்: "எப்பவும் ஊறிக்கிட்டே இருக்கே, எத்தனை நாளைக்குத் தாங்கும்?" தூண்களைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதுதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த இடத்தில் மரத் துறையை முதலில் தின்பது மேல்பாகத்து ஈரம். நனைந்தபின் காய வழியில்லாமல் பொருத்துக்குள்ளும் பலகைக்கு அடியிலும் தங்கிவிடுகிற ஈரம்.

மரத்தை இற்றுப்போக வைக்கிற பூஞ்சைக்கு ஈரம், காற்று, சூடு மூன்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்தில் அதற்குக் காற்று போதாது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய மரத்தில் அது வளராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மரம்தான் மாட்டிக்கொள்கிறது. குளிர் பிரதேசத்தில் பனிக்காலம் முழுக்கப் பூஞ்சை முடங்கிக் கிடக்கும். வெக்கையான இடத்தில் அதற்கு ஓய்வே கிடையாது. வருஷம் முழுக்கச் சூடு இருக்கிறது, மழை இல்லாத நாளிலும் பனி இறங்குகிறது. சூட்டையும் காற்றையும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரத்தை மட்டும்தான் நம்மால் விரட்ட முடியும். நான் துறையில் செய்கிற வேலை பெரும்பாலும் அதுதான்.

போன மழைக்காலம் முடிந்து நன்றாக வெயில் அடித்தபின் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மேலே பார்க்க அருமையான பலகை. அடியில் அதைத் தாங்கும் சட்டத்தின் மேல்முகத்தில், பலகை உட்கார்ந்திருந்த அகலத்துக்கு மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. வெயில் அடித்துக்கொண்டிருந்தும் தொட்டால் குளிர்ச்சி. திருகு இறங்கிய துளையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் நுனியை அழுத்தினால், நனைந்த அட்டைப்பெட்டிக்குள் போவது மாதிரி உள்ளே போனது. ஆனால் ஒரு விரல்கடை கீழே அதே சட்டம் வைரம் பாய்ந்து கிண்ணென்று இருந்தது. எதிரி எவ்வளவு மெல்லிய இடத்தில் குடியிருக்கிறது என்பதை இந்த மாதிரிக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த இற்றுப்போன பகுதியை உளியால் நல்ல மரம் வரும்வரை செதுக்கி எடுத்தேன். பலகையைத் திரும்பப் பொருத்தாமல் சில நாள் திறந்தபடியே காயவிட்டேன். அப்புறம் காப்பர் நாப்தனேட் என்கிற செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி மருந்தைப் பூசி, அது ஊறிக் காய்ந்தபின் சட்டத்தின் தலைமேல் தண்ணீர் புகாத பியூட்டைல் ரப்பர் டேப் ஒட்டினேன். இருபக்கமும் கொஞ்சம் இறங்கினாற்போல ஒட்டினால்தான் தண்ணீர் வழிந்து கீழே விழும். போராக்ஸ் வகை மருந்தும் நல்ல பூஞ்சைக்கொல்லிதான், ஆனால் தண்ணீரில் கரைந்து போய்விடும். மழை நேரடியாக விழுகிற இடத்துக்கு அதை நம்ப முடியாது. பழைய துறையில் மருந்தேற்றியதால் பச்சை நிறமான மரம் இருந்தால், அதில் ஆர்சனிக் இருக்க வாய்ப்பு உண்டு. முகக்கவசம் இல்லாமல் இழைக்கக் கூடாது, வெட்டிய துண்டுகளை எரிக்கவே கூடாது.

பலகைகளுக்கு நடுவில் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பது அழகுக்காக அல்ல. அது வழியாகத்தான் தண்ணீர் கீழே போகிறது, காற்று மேலே வருகிறது. அதில் இலைச்சருகும் மண்ணும் பூவும் விழுந்து மக்கி அடைத்துக்கொண்டால், ஒவ்வொரு இடைவெளியும் ஒரு ஈரத் தொட்டி. மெல்லிய பட்டிக்கத்தியை வைத்து அதைக் கீறிச் சுத்தம் செய்வது துறை பராமரிப்பில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. செலவு கிடையாது, உடனே பலன் தெரியும். முக்கியமாக, சட்டத்துக்கு நேர் மேலே வருகிற இடத்தைத் தோண்டி எடுக்க வேண்டும், குப்பை அங்கேதான் விழாமல் தங்கும். அதே காரணத்துக்காகத் துறைமேல் ரப்பர் பாய், பூந்தொட்டி, சுருட்டி வைத்த படகு மூடுதுணி எதையும் நான் விடுவதில்லை. கயிற்றைக்கூடக் கொக்கியில்தான் தொங்கவிடுகிறேன். அழகாக வட்டம் சுற்றித் தரையில் வைத்த கயிறு, தூக்கிப் பார்த்தால் அதே வட்டத்தில் பாசி பிடித்திருக்கும்.

பலகையின் வெட்டுமுகம் இன்னொரு பலவீனமான இடம். மரம் பக்கவாட்டில் குடிக்கிற தண்ணீரை விட வெட்டிய முனையில் பல மடங்கு குடிக்கும். எந்தப் பலகையை அறுத்தாலும் அன்றைக்கே அந்த முனைக்கு மருந்து பூசிவிட வேண்டும். தூண்களின் தலையும் வெட்டுமுகம்தான், அதுவும் வானத்தைப் பார்த்து நிற்கிற வெட்டுமுகம். கூம்பு மூடி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சரிவாக அறுத்துத் தகடாவது அடியுங்கள்.

பாசி வழுக்குகிறதே என்று பிரஷர் வாஷரை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நெருக்கமாகப் பிடித்துப் பீய்ச்சினால் மென்மையான நார் பிய்ந்து, மரம் சொரசொரப்பாகிவிடும். அடுத்த முறை பாசி இன்னும் சுலபமாகப் பற்றும். வேண்டுமென்றால் விசிறி முனை போட்டு, குறைந்த அழுத்தத்தில், தள்ளி நின்று அடிக்கலாம். நான் சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் பிளீச்சை ஊறவைத்து, மிருதுவான பிரஷால் மரத்தின் ரேகைப் போக்கில் தேய்க்கிறேன். குளோரின் பிளீச் நிறத்தை வெளுக்கும், கூடவே மரநாரையும் அரிக்கும், திருகையும் துருப்பிடிக்க வைக்கும், கீழே தண்ணீரில் இருக்கிற உயிர்களுக்கும் ஆகாது.

பூச்சு என்றால் வார்னிஷ் வேண்டவே வேண்டாம். வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், படலத்துக்கு அடியில் அடைபட்டுக்கொள்ளும். உள்ளே ஊறுகிற எண்ணெய் வகைதான் நல்லது, அதிலும் பூஞ்சணத் தடுப்பு சேர்த்தது. வெறும் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கே உணவாகிக் கறுத்துவிடும். பூசுகிற நேரமும் முக்கியம். விடிகாலையில் பலகைமேல் பனி இருக்கும், நடுப்பகலில் எண்ணெய் ஊறுவதற்குள் காய்ந்துவிடும். பனி முழுக்க உலர்ந்தபின், வெயில் நேராக விழாத பக்கமாகப் பார்த்து நகர்ந்துகொண்டே பூசுவது என் வழக்கம். சாயங்காலம் பனி இறங்குவதற்கு நன்றாக முன்னாலேயே நிறுத்திவிடுவேன்.

போல்ட் விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். சட்டத்தைத் தூணோடு பிடித்திருந்த ஒரு ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தலை பளபள, நட்டு பளபள. நடுவில், மரத்துக்குள் இருந்த இடத்தில் மட்டும் பழுப்பேறி, குழி குழியாக அரித்து, இடுப்பு சிறுத்திருந்தது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதன் மேல் இருக்கிற மெல்லிய ஆக்சைடு படலம்தான் காரணம். அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈர மரத்துக்குள் அது கிடைக்காது, உப்பும் சேர்ந்தால் வேகமாக அரிக்கும். அதனால் உப்புத் தண்ணீர்ப் பக்கம் 304 ரகத்தைத் தவிர்த்து, மாலிப்டினம் கலந்த 316 ரகம் வாங்க வேண்டும். அதையும் அவ்வப்போது ஒன்றிரண்டு கழற்றிப் பார்க்க வேண்டும். கால்வனைஸ் செய்த பிராக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் பூட்டாதீர்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் துத்தநாகப் பூச்சுதான் முதலில் கரையும். செம்பு மருந்து ஏற்றிய மரத்துக்குச் சாதா இரும்பு ஆணியும் ஆகாது.

சரி, அந்தத் தூண்கள். உப்புத் தண்ணீரில் அவற்றின் எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது ஊசிமுனை அளவு துளையில் நுழைந்து, உள்ளே வளர வளர மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியே தூண் முழுசாகவே தெரியும். நீர் நன்றாக வற்றியிருக்கும்போது படகில் போய்ச் சுத்தியலால் தட்டிக் கேட்கிறேன். கெட்டியான தூண் கணீரென்று சொல்லும், குடைந்தது மந்தமாகச் சொல்லும். தூணைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே புதுத் தண்ணீர் போகாது, ஆக்சிஜன் தீர்ந்து புழு செத்துவிடும். சேற்றுக்குள் கொஞ்சம் இறங்கி, நீர் ஏறும் உயரத்துக்கு மேல்வரை உறை இருக்க வேண்டும்.

கடைசியாக மின்சாரம். துறையில் விளக்கோ படகைத் தூக்கும் மோட்டாரோ இருந்தால், ஈரமும் உப்பும் வயரையும் விடுவதில்லை. கசியும் மின்சாரம் தண்ணீரில் இருப்பவரின் தசைகளை இறுக்கிவிடும், கை கால் அசைக்க முடியாமல் மூழ்கிவிடுவார். நன்னீரில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் நன்னீரை விட மனித உடம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கசிவைக் கண்டதும் துண்டிக்கிற, 30 மில்லிஆம்பியருக்கு மேற்படாத பிரேக்கர் கட்டாயம் வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். மின் இணைப்புள்ள துறைக்குப் பக்கத்தில் யாரையும் நீந்த விடாதீர்கள். அப்படியும் யாராவது தண்ணீரில் தவித்தால் உடனே குதித்துவிடக் கூடாது, முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மிதவையை வீசி இழுக்க வேண்டும். எங்கள் துறையில் அந்தச் சுவிட்சு கரைப் பக்கம், என் மகளுக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளினால் அணையும் என்று அவளுக்கும் தெரியும்.