ஆள்காட்டி விரலுக்கு மனநலக் கோப்பு எதற்கு?

ஜூன் 10, 2024, திங்கள்

பிரஸ் மெஷினில் விரல் போனவருக்கு இரண்டு மாதம் கழித்துத் தூக்கம் போகிறது. மெஷின் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. மனநல மருத்துவரிடம் போகிறார். அவர் எழுதும் கேஸ் ஷீட்டில் விபத்து மட்டுமா இருக்கும்? வீட்டுச் சண்டை, கடன், குடும்பத்தில் நடந்த தற்கொலை, எப்போதாவது குடிப்பது எல்லாமே இருக்கும். சிகிச்சைக்கு அத்தனையும் வேண்டும். இழப்பீட்டுக்கு அதில் பெரும்பாலானது வேண்டாம். இரண்டும் ஒரே கட்டாகச் சேர்ந்து பயணம் போவதுதான் ஆபத்து.

ஜூன் 12, புதன்

முதல் கசிவு ஹெச்.ஆர். மேஜையில். லீவுக்கு ஆதாரம் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போக அரை நிமிடம் போதும்.

லீவுச் சான்றிதழில் இருக்க வேண்டியவை: சிகிச்சையில் இருக்கிறார் என்ற ஒரு வரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை செய்ய இயலாது என்பது, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும். நோயின் பெயர் வேண்டாம். லெட்டர்ஹெட்டிலேயே 'மனநலப் பிரிவு' என்று அச்சிட்டிருந்தால் பெயரை விட்டும் பயனில்லை. மருத்துவமனையின் பொது லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) இருப்பவர் சான்றிதழை அதன் கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கம்பெனியில் அல்ல. அந்த நாட்களில் இவர் வேலைக்கு வந்தாரா, சம்பளம் வாங்கினாரா என்பதை அலுவலகமே கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளும்.

ஜூன் 13, வியாழன்

அடுத்த கசிவு, சம்மதப் படிவம். 'என் அனைத்து மருத்துவ ஆவணங்களையும் தேவைப்படும் எவருக்கும் வழங்கச் சம்மதிக்கிறேன்' என்ற ஒரே வரி, கீழே கையெழுத்துக்கோ கைநாட்டுக்கோ இடம். 'அனைத்து', 'எவருக்கும்' என்ற இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு இவற்றை எழுதுங்கள்: யாருக்கு (பதவியும் அலுவலகமும்), எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உள்ள ஆவணம், எதற்காக, இந்தச் சம்மதம் என்றைக்கு முடிகிறது. 90 நாளுக்கு மேல் தர வேண்டாம் என்பது எங்கள் யோசனை. தேவைப்பட்டால் மறுபடியும் கேட்கட்டும். திருத்திய படிவத்தின் நகல் தொழிலாளியிடம் கட்டாயம் இருக்க வேண்டும். திருத்தாத பழைய படிவம் பிறகு கோப்பில் முளைத்தால் மறுக்க அதுதான் கைகொடுக்கும்.

ஜூன் 18, செவ்வாய்

இரண்டு சட்டங்கள், இரண்டிலும் பிரிவு 23. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் பிரிவு 23 சிகிச்சை விவரங்களைக் காக்கிறது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இன் பிரிவு 23, ஆவணங்களை வரவழைக்க, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் தந்தது (இங்கே சொல்லும் 1923 சட்டப் பிரிவுகள், 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வரும்வரை இருந்தவை). இவை முட்டிக்கொள்ளும் இடம் மருத்துவமனையின் ரெக்கார்டு அறை.

அங்கே இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, வந்த தாள் என்ன என்பதை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடிதம் உத்தரவு ஆகாது. வக்கீல் நோட்டீஸும் ஆகாது. 2017 சட்டம் விலக்குத் தருவது அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், அதிகாரமுள்ள சட்டபூர்வ அமைப்பு போன்றவற்றின் உத்தரவுக்கு. முறையான சம்மன் வந்தாலும் முழுக்கட்டைத் தூக்கி அனுப்பாதீர்கள். கேட்ட தேதிகளுக்கு உரியதை மட்டும் முத்திரையிட்ட உறையில் வைத்து, மீதி மூன்றாம் நபர் விவரம் அடங்கியது என்று ஒரு கடிதம் இணைத்து, ஆணையரின் வழிகாட்டலைக் கேளுங்கள். தொழிலாளியின் வக்கீலும் அதே நாளில், விபத்துக்கு முந்தைய பதிவுகளை விலக்கக் கோரி மனு போட வேண்டும். உறை பிரிக்கப்பட்ட பிறகு போடும் மனுவால் பாதிப் பயன்தான்.

ஜூன் 21, வெள்ளி

முழு ஆள்காட்டி விரல் போனால் வருமானத் திறன் இழப்பு 14 சதவீதம், கட்டைவிரலுக்கு 30. 1923 சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருந்தது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அந்தச் சட்டப்படி கோர முடியாது, ஆனால் ஆள்காட்டி விரலுக்கு அங்கும் அதே 14தான். விரலுக்கு மட்டும் கோரிக்கை என்றால் மனநலக் கோப்புக்கு வழக்கில் வேலையே இல்லை. மனப் பாதிப்புக்கும் சேர்த்துக் கோரினால் அட்டவணை உதவாது. மருத்துவர் மதிப்பிட வேண்டும், பதிவுகளும் வெளியே வரும். இதை மனு எழுதும் முன்பே தொழிலாளியிடம் விளக்கி, அவரையே முடிவெடுக்க விடுங்கள்.

முதலாளி தரப்பு மருத்துவரிடம் இலவசப் பரிசோதனைக்கு அழைத்தால் போகத்தான் வேண்டும். மறுத்தால் 1923 சட்டத்தின் பிரிவு 11படி இழப்பீட்டு உரிமை நிறுத்திவைக்கப்படும். ஆனால் அந்தப் பிரிவு உடலைக் காட்டச் சொல்கிறது, பழைய கோப்பைக் கொண்டுவரச் சொல்லவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

எதிர்த்தரப்பு கேஸ் ஷீட்டில் தேடுவது பெரும்பாலும் ஒரே வரியை: 'குடிப்பழக்கம் உண்டு'. காரணம், 1923 சட்டத்தின் பிரிவு 3. குடிபோதையே நேரடிக் காரணமான காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்கிறது (மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த வாதம் செல்லாது). விபத்து நடந்து மூன்று மாதம் கழித்து மருத்துவர் குறித்த பழக்கம், விபத்தன்று காலை எட்டு மணிக்கு அவர் குடித்திருந்தார் என்று காட்டாது. மருத்துவர்களிடம் நாங்கள் மன்றாடிக் கேட்பது: யார் சொன்னது, எப்போதிலிருந்து, எவ்வளவு என்று எழுதுங்கள். விபத்துக்குப் பிறகு தொடங்கிய குடி என்றால் அதை அப்படியே எழுதுங்கள். 'பிறகு' என்ற அந்த ஒரு சொல் இல்லாததால் ஒரு குடும்பத்தின் இழப்பீடே கேள்விக்குள்ளாகலாம்.

ஜூன் 27, வியாழன்

தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். உள்நோயாளிப் பதிவின் நகலுக்குப் படிவம் 'ஏ'யில் எழுதிக் கேட்டால் 15 நாளில் தர வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2018 விதி. நோயாளிக்கே கடும் மனத்தீங்கு வரும், அல்லது பிறருக்குத் தீங்கு நேரலாம் என்றால் சில பகுதிகளை மருத்துவர் நிறுத்திவைக்கலாம். அப்போது மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை உண்டு என்பதையும் அவரே சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் 15 நாளை எதிலிருந்து எண்ணுவது?