கட்டுரையை இன்னொரு தளத்துக்குக் கொடுத்தேன், கூகுளில் என் பக்கம் காணாமல் போனது

போன வாரம்தான் கூகுளில் என் கட்டுரை மறுபடி என் தளத்தின் பெயரில் வந்தது. அதுவரை நான் எழுதிய வரியை அப்படியே போட்டுத் தேடினாலும் வேறொரு தளம்தான் மேலே நின்றது. தன் எழுத்தை வேறு இடங்களில் மறுபதிப்பு செய்யக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நான் கோபி பக்கம் மஞ்சள் விவசாயம் பற்றி என் தளத்தில் எழுதி வருகிறேன். கிழங்கு அழுகல், வேகவைக்கும் பதம், பாலிஷ், விரலியையும் கிழங்கையும் பிரித்து ஏலத்துக்குக் கொண்டுபோவது என்று எல்லாம் வயலில் பார்த்து எழுதியது. கோவையில் இருந்து நடக்கும் ஒரு விவசாயச் செய்தித் தளம் சில கட்டுரைகளைக் கேட்டது. கட்டுரைக்குக் கீழே என் பக்கத்துக்கு இணைப்பு, உள்ளே என் முகவரியைக் காட்டும் கெனானிகல் டேக் (மூலக் கட்டுரை இந்த முகவரியில் இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்லும், வாசகர் கண்ணில் படாத வரி), இந்த இரண்டும் வேண்டும் என்றேன். சரி என்றார்கள். இணைப்பு என் முகப்புப் பக்கத்துக்கு இல்லாமல் அந்தந்தக் கட்டுரைக்கே போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அதை மட்டும் சரியாகச் செய்தார்கள்.

யாரும் கட்டுரை போடக்கூடிய மீடியம் தளத்திலும் இவற்றைப் போட்டேன், அங்கே எந்தச் சிக்கலும் வரவில்லை. அங்கே இருக்கும் இம்போர்ட் வசதியில் முகவரியைக் கொடுத்தால் கெனானிகல் தானாக விழுந்துவிடும். லிங்க்ட்இன் கட்டுரையில் அந்த வசதியே கிடையாது. அதனால் அங்கே சுருக்கம் மட்டும் போட்டு, மீதியை என் தளத்தில் படிக்கச் சொன்னேன்.

கோவைத் தளத்தில்தான் அடி விழுந்தது. என் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போக, நம் தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். நான் அறிவித்த கெனானிகல் என் பக்கம். கூகுள் தேர்ந்தெடுத்தது அவர்களுடைய பக்கம். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் அதற்குத் தண்டனை எதுவும் தருவதில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஏதாவது ஒன்றை மூலமாக எடுத்துக்கொண்டு அதைக் காட்டும். ஆனால் எடுத்துக்கொண்டது அவர்களுடையது என்றால் எனக்கு வர வேண்டிய வாசகர் அங்கேதான் போவார்.

போன் செய்தேன். "போட்டாச்சுங்கக்கா, நானே போட்டேனுங்க" என்றார் அங்கே வேலை செய்யும் தம்பி. கன்ட்ரோலும் யூவும் அழுத்தி அந்தப் பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து பார்த்தேன். போட்டிருந்தது உண்மை, ஆனால் கட்டுரையின் நடுவில். கெனானிகல், பக்கக் குறியீட்டின் தலைப்பகுதியில் (ஹெட் என்று தொடங்கும், திரையில் தெரியாத பகுதி) இருக்க வேண்டும். வேறு எங்கே இருந்தாலும் கூகுள் கண்டுகொள்ளாது. தலைப்பகுதியில் அவர்களுடைய எஸ்இஓ பிளகின் (தேடலுக்கான குறிப்புகளைத் தானாகப் போடும் துணை மென்பொருள்) அவர்கள் பக்கத்தின் முகவரியையே கெனானிகலாகப் போட்டு வைத்திருந்தது. யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற பிளகின்களில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. என் முகவரியை அதில் ஒட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

போனில் சொல்லிப் புரியவில்லை என்று நேரில் கோயமுத்தூர் போனேன். தளத்தின் உள் வேலையைப் பார்ப்பவர் வெளி ஆள், அன்றைக்கு வரவில்லை என்றார்கள். வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். டீ கொடுத்து அனுப்பினார்கள். அந்த வெயிலில் பஸ் ஏறித் திரும்பியதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்து சரியான கட்டத்தில் போட்டார்கள், முகவரி பாதியில் அறுந்துபோய். தமிழில் தலைப்பு வைத்துத் தமிழிலேயே முகவரி வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். காப்பி செய்து ஒட்டும்போது தமிழ் முகவரி சதவீதக் குறிகளாக விரிந்துவிடும். 'மஞ்சள்' என்ற ஒரு சொல் மட்டுமே 54 எழுத்து இடம் பிடிக்கும். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் கட்டுரை முகவரிக்கு ஒதுக்குவதே 200 இடம்தான். அவ்வளவு நீளமானதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் அதில் இருந்து எடுத்து ஒட்டும்போது வால் போய்விட்டது. இல்லாத பக்கத்தைக் காட்டும் கெனானிகலால் யாருக்கு என்ன பயன்? இப்போது புதிய கட்டுரைகளுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லோடு முகவரியை நிறுத்திக்கொள்கிறேன். பழையவற்றை மாற்றினால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போட வேண்டியிருக்கும் என்பதால் தொடவில்லை.

முகவரியைத் திருத்திய பிறகும் நிலைமை மாறவில்லை. கெனானிகல் 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் சேர்ந்து கொண்டுவந்தது. அன்று முதலே அது ஒரு குறிப்புதான், கட்டளை இல்லை. மெனு, பக்கவாட்டுச் செய்திகள், விளம்பரம் எல்லாம் வேறாக இருக்கும் இன்னொரு தளத்தில் அது சரியாக வேலை செய்யாது என்பதால், மறுபதிப்புக்கு அதை நம்ப வேண்டாம், வாங்கிப் போடும் தளம் நோஇண்டெக்ஸ் (இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) போடட்டும் என்று கூகுளே 2023இல் தன் வழிகாட்டுதலை மாற்றிவிட்டது.

நோஇண்டெக்ஸ் என்றதும் தளத்தின் உரிமையாளர் மறுத்தார். "கூகுள்ல வராட்டி எங்களுக்கு என்னங்க லாபம்?" அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தானே வருகிறார்கள், அவர்களுக்கு நோஇண்டெக்ஸால் எந்த வித்தியாசமும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். கூடவே, கூகுளுக்காக வேண்டுமென்றால் அவர்களுக்கென்றே தனியாக, வேறு கோணத்தில் சிறு கட்டுரைகள் எழுதித் தருகிறேன் என்றேன். அதற்குத்தான் இறங்கி வந்தார்.

அதிலும் ஒரு தடங்கல். நோஇண்டெக்ஸ் போட்ட கையோடு, எந்தப் பக்கங்களுக்குள் வரக்கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலிலும் அந்தப் பக்கங்களைத் தடுத்து வைத்துவிட்டார்கள். கதவை அடைத்துவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் நோட்டீஸை கூகுள் எப்படிப் படிக்கும்? அந்தத் தடையை எடுக்கச் சொல்லி, எடுத்ததை நானே திறந்து பார்த்து உறுதி செய்தேன். அப்புறம் சர்ச் கன்சோலில் என் பக்கங்களைத் தேடல் பட்டியலில் (இண்டெக்ஸ்) சேர்க்கக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கூகுள் அவர்கள் பக்கத்துக்கு மறுபடி வந்து பார்க்கும் வரை எதுவும் நகராது. வேகவைக்கும் பதம் பற்றிய கட்டுரைதான் முதலில் திரும்பியது. அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது யார் கேட்டாலும் நிபந்தனைகளை முதலில் எழுத்தில் அனுப்புகிறேன்: என் பக்கம் கூகுளில் ஏறிய பிறகே அவர்கள் வெளியிட வேண்டும், நோஇண்டெக்ஸ் தலைப்பகுதியில் இருக்க வேண்டும், வெளியிட்ட அன்றே நான் மூலக் குறியீட்டைப் பார்ப்பேன். போட்டாச்சு என்று வாயால் சொல்வதை ஏற்றுக்கொள்வதில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கோவைத் தளத்தில் இருந்து என் கட்டுரைகளைக் கேட்காமலே அள்ளிக்கொண்டு போன தளங்களும் இருக்கின்றன. ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியபோது சிக்கின. அவற்றுக்கு கூகுளின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில், என் மூல முகவரியையும் நகல் முகவரியையும் கொடுத்து எழுதிவருகிறேன். அழுகல் நோய்க் கட்டுரையின் நகல் ஒன்று தேடலில் இருந்து போய்விட்டது. மற்றவற்றுக்குப் பதில் வர வேண்டும்.