படிவத்தில் இடமில்லாத அம்மா

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். இரண்டு அம்மாக்கள், இரண்டு வயதுக் குழந்தையோடு மையத்துக்கு வந்திருந்தார்கள். பதிவுப் படிவத்தை நீட்டினேன். ஒருவர் மளமளவென்று நிரப்பினார், இன்னொருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடியே இருந்துவிட்டு மெதுவாக, "நான் எங்க எழுதணும்?" என்று கேட்டார். தந்தை பெயர், தாய் பெயர் என்று இரண்டே கட்டம். தன்பாலீர்ப்புள்ள பெற்றோருக்காகவும் திருநர் பெற்றோருக்காகவும் நடத்துகிற மையத்திலேயே, வேறெங்கிருந்தோ நகலெடுத்த படிவத்தை யாரும் மாற்றாமல் வைத்திருந்தோம். நான் பதில் தேடுவதற்குள் அவரே 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற வரியில் தன் பெயரை எழுதிவிட்டார். கொஞ்சமும் தயங்கவில்லை. இதற்கு முன் எத்தனையோ இடங்களில் அந்த வரியில்தான் எழுதியிருப்பார்.

குழந்தை அவர் தோளில்தான் தூங்கிப்போனது.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்று இரவே படிவத்தை மாற்ற உட்கார்ந்தேன். 'பெற்றோர் 1, பெற்றோர் 2' என்று போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன், போதவில்லை. மூன்று பேர் சேர்ந்து வளர்க்கும் குடும்பங்கள் வந்தன, விந்தணு கொடுத்த நண்பரும் வாரம் இரண்டு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் வந்தன, தனியாக வளர்ப்பவர்கள் வந்தார்கள், வெளிப்பார்வைக்குச் சாதாரணக் கணவன் மனைவி போலத் தெரிந்து, ஒருவர் இருபாலீர்ப்பாளர் என்பதால் எங்கேயும் ஒட்ட முடியாமல் வந்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் இரண்டே கேள்வி நின்றது. இந்தப் பிள்ளையை வளர்ப்பவர்கள் யார் யார்? பிள்ளை அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடும்?

இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. ஒரு திருநங்கை தன் ஆறு வயது மகனோடு வருவார். பையன் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவான். புதிதாக வந்த தன்னார்வலர் ஒருவர், நல்லெண்ணத்தில்தான், "அம்மான்னு சொல்லணும் கண்ணா" என்று திருத்திவிட்டார். பையன் முகம் சுருங்கிப்போனது. அவர் எங்களைத் தனியாக அழைத்து, "எல்லாருக்கும் நான் பெண்தான், அவனுக்கு மட்டும் நான் அப்பா, அதை அவன்கிட்ட இருந்து யாரும் எடுத்துட வேண்டாம்" என்றார். எது சரியான சொல் என்று நாம் படித்து வைத்திருப்பது வேறு, ஒரு வீட்டுக்குள் வழங்கும் சொல் வேறு. அதற்குப் பிறகு யாராவது புதிதாகச் சேர்ந்தால், பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன் படிவத்தின் அந்த வரியைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிவைக்கிறோம்.

கட்டம் இல்லாத படிவம் எங்கள் மையத்தின் பிரச்சினை மட்டும் இல்லை, அரசாங்கங்களுக்கும் உண்டு. ஸ்பெயினில் பிறந்த ஒரு குழந்தை, அம்மாக்களில் ஒருவர் பல்கேரியர். பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை என்றுதான் எழுத முடியும் என்று பல்கேரியா மறுத்துவிட்டது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போய், குழந்தை ஒன்றியத்துக்குள் தன் இரண்டு அம்மாக்களில் யாரோடும் சென்றுவரும் உரிமையை மதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கேரளத்தில் ஒரு திருநர் தம்பதி, தங்கள் குழந்தையின் சான்றிதழில் தாய், தந்தை என்பதற்குப் பதிலாகப் 'பெற்றோர்' என்று மட்டும் இருக்கட்டும் என்று உயர்நீதிமன்றம் போனார்கள், 2025 ஜூனில் அப்படியே கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் எங்கள் மையத்தில் ஒரு சின்ன சந்தோஷம் பரவும். அப்புறம் அவரவர் வீட்டுக் காகிதங்களைப் பற்றிய கவலை திரும்பவும் வந்துவிடும்.

கவலை வீண் இல்லை. எங்களிடம் வரும் ஒரு அம்மா, துணைவி வெளியூரில் இருந்த இரவில், காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். அம்மா என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், காகிதம் கேட்பார்கள், பிள்ளையைப் பிரித்து உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் "சித்தி" என்று சொல்லிவிட்டார். சித்தி கையெழுத்துப் போட முடியாது. முதலுதவி செய்தார்கள், அதற்கு மேல் எதற்கும் பெற்ற தாய் தொலைபேசியில் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "என் வாயாலயே நான் அம்மா இல்லைன்னு சொல்லிட்டேன்" என்று அவர் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

'காகித மாலை' என்று நாங்கள் அழைக்கும் நிகழ்ச்சி அப்படித்தான் தொடங்கியது. மாதம் ஒரு முறை, சாயங்கால நேரத்தில், ஒரு வழக்கறிஞர் கட்டணம் இல்லாமல் வந்து உட்காருவார். எங்கள் நிகழ்ச்சிகளிலேயே உற்சாகம் குறைந்தது, பயன் அதிகம் உள்ளது இதுதான். மருத்துவ சிகிச்சைக்கான ஒப்புதல் கடிதம், பள்ளியில் பிள்ளையை அழைத்துப்போக அனுமதி, பெற்றவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று எழுதும் உயில், விந்தணு கொடுத்தவரோடு எழுத்தில் ஒப்பந்தம், சட்டம் இடம் கொடுக்கிற இடங்களில் இரண்டாவது பெற்றோர் தத்தெடுப்பு, அதாவது பெறாதவரும் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொள்வது. சான்றிதழில் இருவர் பெயரும் இருக்கிறதே, இனி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எல்லை தாண்டிப் போனால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இல்லாமல் போகலாம், அதனால் முடிந்தால் நீதிமன்ற ஆணையாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பார் வழக்கறிஞர்.

காகிதம் இருந்தாலும் சில நேரம் கதவு திறக்காது. 2007-ல் மயாமியில், பிள்ளைகளோடு கப்பல் பயணம் கிளம்ப வந்த இடத்தில் லிசா பாண்ட் மயங்கி விழுந்தார். மருத்துவ முடிவுகள் எடுக்கும் அதிகாரம் துணைவியான ஜானிஸ் லாங்பெனுக்கு எழுதப்பட்டிருந்தும், அவரையும் பிள்ளைகளையும் பல மணி நேரம் உள்ளே விடவில்லை. லிசா இறந்துபோனார். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளி விரும்புகிறவர்களைப் பார்க்கவிட வேண்டும் என்று அதிபர் ஒபாமா உத்தரவிட்டதற்கு இந்தக் குடும்பத்தின் கதையும் ஒரு காரணம். காகித மாலையில் இதை நான் சொல்வதுண்டு. பயமுறுத்துவதற்காக இல்லை, நகல்களைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள் என்று சொன்னால் ஏன் என்று புரிய வேண்டும், அதற்காக.

சரி, எல்லாமே சட்டம் இல்லை. ஆரம்பத்தில் பெற்றோர் கூட்டங்களுக்கு நான் வைத்த தலைப்புகளை இப்போது பார்த்தால் வருத்தமாக இருக்கிறது: அடையாளமும் பெற்றோர்மையும், சமூகப் பார்வையை எதிர்கொள்வது. வந்தவர்கள் ஒரு முறையோடு நின்றுவிட்டார்கள். பிள்ளை இரவில் தூங்கவில்லை, மூத்தது சின்னதை அடிக்கிறது, பால் மறக்கவைப்பது எப்படி, இதையெல்லாம் பேசத்தான் அவர்கள் வந்தார்கள். வேறு பெற்றோர் குழுக்களிலும் இதைப் பேசலாம்தான், ஆனால் அங்கே முதல் அரைமணி நேரம் தங்களை விளக்குவதிலேயே போய்விடுகிறது. விளக்கம் சொல்ல வேண்டியிராத ஒரு அறை, தரையில் பாய், கொஞ்சம் பொம்மைகள். இதைக் கொடுத்த பிறகு வந்தவர்கள் தாங்களாகவே தொடர்ந்து வர ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகள் குழுவிலும் அதே பாடத்தைத்தான் மறுபடி படித்தேன். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையானவர்கள். 'உங்கள் குடும்பத்தை வரையுங்கள்', 'உங்கள் உணர்வுக்கு என்ன நிறம்' என்று பயிற்சிகளோடு போனேன். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "அக்கா, இங்கயாவது இதைப் பத்திப் பேசாம இருக்கலாமா?" என்று கேட்டாள். பள்ளியில் தினமும் யாராவது கேட்கிறார்களாம். உன் அப்பா எங்கே, நீ எப்படிப் பிறந்தாய், உன் நிஜ அம்மா யார். அந்த 'நிஜ' என்ற சொல் வந்ததும் அறையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். பயிற்சித் தாள்களை மடித்து வைத்துவிட்டோம். விளையாடினார்கள். ஆறேழு வாரம் கழித்து அவர்களாகவே ஒரு தாளை எடுத்து, யார் கேட்டால் எவ்வளவு சொல்வது என்று எழுத ஆரம்பித்தார்கள். நண்பனுக்கு முழுக்கதை, ஆசிரியருக்குப் பாதி, தெருவில் போகிறவருக்கு ஒன்றும் இல்லை. "எனக்கு ரெண்டு அம்மா, அவ்வளவுதான்" என்பதுதான் எல்லோரும் தேர்ந்தெடுத்த பதில்.

அமெரிக்காவில் கோலேஜ் என்ற அமைப்பை 1990-ல் தொடங்கியவர்கள் இப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளே. பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்த இடத்தில் தங்களுக்கென்று ஒரு இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் அது ஏன் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு அப்பாக்களை உயிராக நேசிக்கும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் என்னிடம், "நான் பரீட்சையில தோத்தாக்கூட அவங்களாலதான்னு சொல்வாங்க, அதனால எனக்குத் தோக்கக்கூட முடியாது" என்றான். தன் குடும்பத்தை நிரூபித்துக்காட்டும் சுமை அது. வீட்டில் சொன்னால் அப்பாக்கள் மனம் நோவார்கள் என்று மூன்று வருடமாக அதை யாரிடமும் சொல்லாமலே வைத்திருந்தான்.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எங்களால பிள்ளைக்கு ஏதாவது பாதிப்பு வருமா?" என்பது. இதற்கு என்னிடம் நேரான பதில் உண்டு. நானெட் கார்ட்ரெல் என்ற மனநல மருத்துவர் 1986-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வைத் தொடங்கினார். தன்பாலீர்ப்புள்ள பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போதே, சிலர் அதற்குத் தயாராகும்போதே சேர்த்துக்கொண்டு, பிள்ளைகள் வளர வளர திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வு. பிள்ளைகள் இருபத்தைந்து வயதை எட்டியபோது அவர்களின் மனநலம் அதே வயது மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடவில்லை என்று 2018-ல் எழுதினார்கள். நிம்மதி தரும் செய்தி. ஆனால் என் வேலைக்கு, 2008-ல் வெளிவந்த அதே ஆய்வின் இன்னொரு முடிவுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளான பிள்ளைகளுக்குப் பாதிப்பு இருந்தது, பள்ளிப் பாடத்திலேயே இப்படிப்பட்ட குடும்பங்கள் இடம்பெற்றிருந்தாலும், அம்மாக்கள் தங்கள் சமூகத்தோடு ஒட்டி வாழ்ந்தாலும் அந்தப் பாதிப்பு குறைந்தது. வாரக் கடைசியில் பாய் விரித்து நாலு குடும்பங்களை உட்கார வைப்பது பெரிய வேலையா என்று சோர்வு வரும் நாட்களில் இதை எடுத்துப் படிப்பேன்.

திருமணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு தன்னைப் பற்றி வெளியே சொன்னவர்களின் பயம் வேறு மாதிரி. அவர்கள் கூட்டத்துக்கு வருவதற்கே மாதங்கள் ஆகும். ஒரு அப்பா மூன்று முறை வாசல்வரை வந்து திரும்பிப்போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே வந்தது தெரிந்தால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். சிலி நாட்டில் கரேன் அதாலா என்பவர் ஒரு நீதிபதி, துணைவியோடு வாழ்கிறார் என்பதற்காக அவருடைய மூன்று மகள்களை 2004-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தகப்பனிடம் கொடுத்துவிட்டது. அது பாகுபாடு என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் சொல்வதற்குள் 2012 ஆகிவிட்டது. எட்டு வருடம். பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிடுவார்கள். அதனால் இவர்களுக்கு மட்டும் பெயர் கேட்காமல், படிவம் இல்லாமல், தனி நேரம் வைத்திருக்கிறோம்.

நான் மிகவும் விரும்பும் கூட்டம் தாத்தா பாட்டிகளுடையது. 1973-ல் ஜீன் மேன்ஃபோர்ட் என்ற ஆசிரியை, தன்பாலீர்ப்புள்ள தன் மகனுக்காக, நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் பெற்றோர்களைக் கூட்டினார், ஏறக்குறைய இருபது பேர் வந்தார்கள், அதுதான் பின்னாளில் பிஃபிளாக் (PFLAG) என்ற, இப்படிப்பட்டவர்களின் பெற்றோருக்கும் குடும்பத்தாருக்குமான பெரிய அமைப்பு ஆனது. எங்களுடையது அவ்வளவு பெரிதெல்லாம் இல்லை. ஏழெட்டுப் பேர் வருவார்கள், பாதிப்பேர் உறவினர்களிடம் வேறு காரணம் சொல்லிவிட்டு வருகிறவர்கள். முதல் ஒரு மணி நேரம் மூட்டுவலிதான் பேச்சு. ஒரு நாள் ஒரு தாத்தா, அவர் மகள்தான் பெறாத அம்மா, ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் பொண்ணு பெறலையே, அப்போ நான் அந்தக் குழந்தைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி முந்திக்கொண்டார்.

"அது உங்களை என்னன்னு கூப்பிடுது?"

"தாத்தான்னு."

"அப்புறம் என்ன?"

அவர் அடுத்த மாதம் பேத்தியின் படங்களோடு வந்தார்.

எங்களால் இன்னும் சரியாகச் செய்ய முடியாதது, ஜோடிகள் பிரியும்போது. காகிதத்தில் இல்லாதவர் அன்றைக்கே வெளியாள் ஆகிவிடுகிறார். முதல் மாதத்தில் 'எங்க எழுதணும்' என்று கேட்டாரே, அவருக்கு அதுதான் நடந்தது. நாலு வருடம் முன்பு பிரிந்தார்கள். கொஞ்ச நாள் பிள்ளையைப் பார்க்கவிட்டார்கள், அப்புறம் அதுவும் நின்றுபோனது. அவர்கள் எங்களிடம் வந்த காலத்தில் காகித மாலை இல்லை. பின்னால் தொடங்கியபோதும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இருக்கிறது. இப்போது முதல் காகித மாலையிலேயே, இருவரும் சந்தோஷமாக இருக்கும்போதே, பிரிந்தால் பிள்ளையை எப்படிப் பகிர்ந்துகொள்வோம் என்று ஒரு கடிதம் எழுதச் சொல்கிறோம். எல்லா நீதிமன்றமும் அதை ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இருந்தால், மத்தியஸ்தம் பேச உட்காரும்போது தொடங்குவதற்கு ஒரு இடம் கிடைக்கிறது.

அடுத்த மாதம் அந்தக் கடிதத்தின் வாசகத்தை மறுபடி திருத்தப்போகிறோம். பிள்ளையின் பிறந்தநாள், பள்ளி விழா, உடம்புக்கு முடியாத நாட்கள், இவற்றைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்று சொன்னவர் அந்த அம்மாதான். உடம்புக்கு முடியாத நாட்களை முதலில் போடச் சொல்லியிருக்கிறார்.