தை மாதத்தில் ஒரு ஜீப்பின் சேசிஸ்

ஜனவரி 18, 2025, சனி

பொங்கல் லீவு முடிவதற்குள் பாடியை இறக்கியாயிற்று. தெருப் பையன்கள் எட்டுப் பேர், இரண்டு கயிறு, அப்புறம் எல்லோருக்கும் பரோட்டா. மாமனார் விட்டுப்போன மகிந்திரா எம்எம் 540, திருவொற்றியூரில் எங்கள் வாசலிலேயே பத்து வருடம் நின்றது. கடல் ஐந்து நிமிட நடை. துருவுக்கு வேறென்ன வேண்டும்?

பாடிக்கு அடியில் வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டகம்தான் சேசிஸ்: ஏணியைப் படுக்கப் போட்டது போல இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு அளவுக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கோணவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

சுத்தியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் ‘ணங்’ என்றது, இற்றுப்போன இடம் ‘டொப்’. பின் குறுக்குச் சட்டத்தில் மூன்றாவது தட்டுக்கே சுத்தி உள்ளே இறங்கிவிட்டது. தண்ணீர் வடியும் ஓட்டைகளைச் சேறு அடைத்துக்கொண்டு உள்ளேயே ஊறியிருக்கிறது. பிடிப்பிடியாகத் துருவை அள்ளினேன். பார்க்கப் பயங்கரமாக இருந்த நீளச் சட்டங்களிலோ கம்பி பிரஷ் போட்டதும் கெட்டி இரும்பு தெரிந்தது.

சேசிஸ் நம்பர் குத்திய இடத்தில் மட்டும் கிரைண்டரைக் காட்டவில்லை, கையால் தேய்த்தேன். ஆர்சியை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, புதுப்பிக்கும்போது அந்த எழுத்துதான் வண்டிக்கு உயிர்.

ஜனவரி 26, ஞாயிறு

வெல்டர் தம்பி வந்தான். “இன்னாண்ணே, அப்பளமாட்டம் கீது!” டீசல் டேங்க் முன்பே கழற்றியாயிற்று. கெட்டதை வெட்டி எறிந்து 3 மில்லிமீட்டர் தகடு வைத்தான். நீளச் சட்டத்தில் ஒரு பொத்தலுக்கு வைத்த தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டச் சொன்னேன். வெல்டிங் கோடு மேலிருந்து கீழே நேராக இறங்கினால் பின்னால் அங்கேதான் விரிசல் விடும். முணுமுணுத்தான், ஆனால் வெட்டினான். சூட்டில் கோணாமலிருக்க இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாகப் பற்றவைத்தான். மறுபடி டேப்: அதே 3.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்று பகல் முழுக்கத் தேய்த்து வெள்ளி போல விட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் சேசிஸ் முழுக்க மஞ்சள் பூசிக் குளித்தது மாதிரி இருந்தது. காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார். “உப்பு கீதுப்பா. தண்ணி ஊத்திக் கழுவு.”

துரு பிடித்த இரும்பைத் தண்ணீரால் கழுவுவதா? யோசித்தால் சரிதான். குழிகளில் தங்கிய உப்பு, பெயின்டுக்கு அடியிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டிவிடும். ஆனால் எங்கள் போர் தண்ணீரே உப்பு. ஆகவே மெட்ரோ தண்ணீர், நான்கு குடம்.

“ஏங்க, குடிக்கிற தண்ணியில ஜீப்புக்கு அபிஷேகமா?”

பதில் சொல்லாமல் கழுவினேன். உடனே ப்ளோயரால் காயவைத்து, குழிகளில் மட்டும், மிச்சத் துருவை மாற்ற, பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவினேன். பழுப்பு கறுப்பாக மாறியது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மிச்சமிருந்த அமிலத்தைக் கழுவித் துடைத்துக் காயவைத்தது நேற்று. காலை ஒன்பது வரை பனி ஈரம், மதியத்துக்கு மேல் கடற்காற்று. இடையில் கிடைத்த நேரத்துக்குள் பெயின்டுக்கு அடிப்பூச்சாக எபாக்சி பிரைமர் ஒரு கோட்டு. வழக்கமான சிவப்பு அடிப்பூச்சு ரெட் ஆக்சைடு மலிவுதான், ஆனால் இந்தக் காற்றுக்கு அதை மட்டும் நம்ப மனம் வரவில்லை. மூடிய பகுதிகளுக்குள், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, ட்யூப் விட்டு மெழுகு அடிக்க வேண்டும். வடியும் ஓட்டை ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தேன், எல்லாம் திறந்திருக்கின்றன.

ஒரு குடத்தின் அடியில் பிரைமர் ஒட்டியிருக்கிறது. வீட்டில் இன்னும் பார்க்கவில்லை.